பித்தளைத் தோட்டாக் கூடும் பருவ விரிசலும்

இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை துருப்பிடிக்காது. இது யாவரும் அறிந்த செய்தி. ஆகவேதான் குடமும் குத்துவிளக்கும் நீர்க்குழாயும் பித்தளையால் செய்யப்படுகின்றன. மழையிலும் ஈரத்திலும் பித்தளையின் பளபளப்பு மங்கலாம். பச்சைக் களிம்பு ஏறலாம். ஆனால் அது இரும்பைப்போல் உளுத்து உதிர்வதில்லை. எனினும் இந்த உலோகத்திற்கும் ஒரு மறைவான பகை உண்டு. மேற்பரப்பில் சிறிதும் அரிப்புத் தோன்றாமல், எவரும் தொடாமல் வைத்திருந்த பித்தளைப் பொருள் ஒருநாள் தானாகவே விரிசல் விட்டுப் பிளந்து கிடப்பதுண்டு. இந்நோய் முதன்முதலாகப் பெரிய அளவில் கவனத்திற்கு வந்தது இந்திய நாட்டில். அதற்கு இரையானவை துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள். அந்தக் கூடு செய்யப்படும் விதத்தையும், அது விரிசல் விட்ட காரணத்தையும், அந்நோய் தீர்க்கப்பட்ட முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. பித்தளைப் பொருள்களைப் பேணும் அனைவருக்கும் இதிலிருந்து பெறக்கூடிய பாடம் ஒன்றுண்டு.

தோட்டாவின் உறுப்புகள்

ஒரு துப்பாக்கித் தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன. முனையில் இருப்பது குண்டு. அதன் பின்னே எரிந்து வாயுவாகும் வெடிமருந்து. அடிப்பகுதியின் நடுவே, அடித்தால் தீப்பொறி தரும் மருந்தைக் கொண்ட சிறு கிண்ணம். இதனைக் கேப்பு என்பர். இம்மூன்றையும் ஒன்றாகத் தாங்கி நிற்பது கூடு. சுட்டபின் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு நசுங்கிவிடும். கூடு மட்டுமே ஏறக்குறைய முழு வடிவோடு மீள்கிறது.

கூட்டின் பணி மருந்தைச் சுமப்பதோடு முடிவதில்லை. மருந்து எரியும்போது துப்பாக்கியின் அறையில் தோன்றும் வாயு அழுத்தம், இக்காலத்து ரைபிள்களில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. அவ்வழுத்தத்தால் கூட்டின் மெல்லிய சுவர் விரிந்து அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இதனால் சுடுபவரின் முகத்தை நோக்கி வாயு பீறிட்டு வாராமல் வழி அடைபடுகிறது. குண்டு குழலை விட்டு நீங்கி அழுத்தம் தணிந்ததும் கூடு மீண்டும் சிறிது சுருங்கவேண்டும்; சுருங்கினால்தான் அதை எளிதில் வெளியே எடுக்கலாம். இவ்வாறு விரிந்து, அடைத்து, சுருங்கும் வேலை முழுவதும் ஒரு வினாடியின் மிகச் சிறு பகுதியில் நடந்தேறுகிறது.

பித்தளையைத் தேர்ந்த காரணம்

இப்பணிக்கு எழுபது பங்கு தாமிரமும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை மிகப் பொருத்தமானது எனக் கண்டனர். உலோகத் தொழிலில் இக்கலவைக்கே ‘தோட்டாப் பித்தளை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. தாமிரக் கலவைகளுள் குளிர்ந்த நிலையில் கிழியாமல் ஆழமாக இழுபட வல்லது இது. மேலும், இழுத்தால் மீளும் தன்மையில் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு இளகியது. ஆதலால் விரிந்த கூடு நன்கு சுருங்கி அறையை விட்டு விலகுகிறது. போர்க்காலங்களில் தாமிரத் தட்டுப்பாட்டால் ஜெர்மனி, சோவியத் ரஷ்யா முதலிய நாடுகள் மெருகெண்ணெய் பூசிய எஃகுக் கூடுகளைப் பயன்படுத்தியதுண்டு. ஆயினும் பித்தளையின் இடத்தை எஃகு முழுவதும் பிடித்துவிடவில்லை.

தொடக்கத்தில் கூடுகள் முழுத் தகட்டிலிருந்து இழுக்கப்படவில்லை. 1866-இல் ஆங்கிலேயப் படை ஏற்ற ஸ்னைடர் துப்பாக்கிக்கு, கர்னல் பாக்ஸர் என்பவர் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்புத் தட்டைப் பொருத்திக் கூடு அமைத்தார். 1884-85 ஆண்டுகளில் நடந்த சூடான் போரில், வெப்பத்திலும் மணலிலும் சுருட்டுக் கூடுகள் அறையினுள் சிக்கிக்கொண்டு பெருந்தொல்லை தந்தன. பின்னர் ஒரே பித்தளை வில்லையிலிருந்து இழுத்துச் செய்த கூடுகள் வழக்கத்திற்கு வந்தன. இந்தியாவில் கல்கத்தாவை அடுத்த டம்டம், புனாவை அடுத்த கிர்க்கி ஆகிய இடங்களில் தோட்டாத் தொழில் வேரூன்றியது. 1869-இல் நிறுவப்பட்ட கிர்க்கித் தோட்டாத் தொழிற்சாலை, 2021-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இன்றும் நடைபெறுகிறது.

கூடு உருவாகும் விதம்

முதலில் பித்தளைத் தகட்டிலிருந்து வட்ட வில்லை வெட்டப்படுகிறது. அது அழுத்துப்பொறியில் சிறு கிண்ணமாகக் குழிக்கப்படுகிறது. பின்னர் அக்கிண்ணம் ஒன்றைவிட ஒன்று குறுகிய அச்சுகளின் வழியே அடுத்தடுத்துத் தள்ளப்பட்டு, சுவர் மெலிந்து, நீண்ட குழாயாகிறது. அடிப்பகுதி மட்டும் தடித்தே நிற்கிறது. அதன்பின் அடியைத் தட்டித் தலை அமைத்து, கேப்புக்குரிய குழியையும் துளையையும் இட்டு, மேற்பகுதியைக் குறுக்கிக் கழுத்து அமைக்கின்றனர்.

இவ்வேலைகள் அனைத்தும் உலோகம் குளிர்ந்திருக்கும்போதே நடைபெறுகின்றன. பித்தளை எண்ணற்ற சிறு படிகமணிகளால் ஆனது. இழுக்கும்போதும் தட்டும்போதும் அம்மணிகள் நசுங்கி நீள்கின்றன. அவற்றின் அணு அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் சிக்குண்டு, மேலும் வழுக்க இடமின்றி நிற்கின்றன. ஆகவே வேலை செய்யச் செய்ய உலோகம் கடினமாகிறது. ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் கிழிந்துவிடும். கம்பியை ஒரே இடத்தில் பலமுறை வளைத்தால் அது விறைத்து ஒடிவதை மாணவர் அனைவரும் கண்டிருப்பர், இதுவும் அத்தகையதே.

காய்ச்சி ஆற்றுதல்

கடினமான உலோகத்தை மீண்டும் இளக்குவதற்குரிய வழி, அதைச் சூடேற்றிப் பின் ஆறவிடுவதாகும். இதனைக் காய்ச்சி ஆற்றுதல் எனலாம். பாத்திரத் தொழில் செய்யும் கன்னார் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிவர். பஞ்சாப் மாநிலத்தில் ஜண்டியாலா குரு என்னும் ஊரில் வாழும் டட்டேரா மக்கள் பித்தளை, தாமிரத் தகடுகளைத் தட்டிப் பாத்திரம் செய்வதில் பெயர்பெற்றவர்கள். 2014-இல் அவர்களது கைத்தொழில் யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றது. தட்டித் தட்டி விறைத்த தகட்டை உலையில் காய்ச்சி, மீண்டும் தட்டுவது இத்தொழிலின் உயிர்நாடி. தோட்டாத் தொழிற்சாலையிலும் ஒவ்வோர் இழுப்புக்கும் இடையே கிண்ணங்கள் உலையில் காய்ச்சப்பட்டு, அமிலத்தில் கழுவப்படுகின்றன.

வெப்பத்தின் அளவைப் பொறுத்து இரு வேறு விளைவுகள் உண்டு. ஏறத்தாழ 250 முதல் 300 பாகை சென்டிகிரேடு வரை சூடேற்றினால், உலோகத்தின் கடினம் பெரிதும் குறைவதில்லை. ஆனால் உள்ளே பூட்டுண்டு கிடந்த இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. 425 பாகைக்கு மேல் சூடேற்றினால், நசுங்கிய படிகமணிகள் மறைந்து புதிய மணிகள் முளைக்கின்றன. உலோகம் முற்றும் இளகிவிடுகிறது. மேலும் மிகையாகக் காய்ச்சினால் மணிகள் பருத்து, அடுத்து இழுக்கும்போது மேற்பரப்பு நாரத்தைத் தோல்போல் சொரசொரப்படைகிறது. எஃகுக்கும் பித்தளைக்கும் இங்கு ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பழுக்கக் காய்ச்சிய எஃகை நீரில் அமிழ்த்தினால் கடினமாகும். பித்தளையை நீரில் அமிழ்த்தினாலும், காற்றில் ஆறவிட்டாலும் அதன் இளக்கத்தில் வேறுபாடு நேர்வதில்லை.

நல்ல கூட்டில் எல்லாப் பகுதியும் ஒரே கடினம் உடையதாக இருப்பதில்லை. தலைப்பகுதி எஃகு அறையின் முழுத் துணையின்றி அழுத்தத்தைத் தாங்கவேண்டியிருப்பதால் அது கடினமாக இருத்தல்வேண்டும். கழுத்தோ குண்டைப் பற்றவும், சுடும்போது விரிந்து விடவும் வேண்டியிருப்பதால் சற்று இளகி நிற்கவேண்டும். ஆதலால் இறுதியில் கழுத்தை மட்டும் சுடரில் காட்டி இளக்குகின்றனர். அவ்விடத்தில் தோன்றும் நீலமும் பழுப்பும் கலந்த நிறத்தைப் படைத்துறைத் தோட்டாக்களில் துடைக்காமல் விட்டுவிடுவதுண்டு. காய்ச்சி ஆற்றும் வேலை முறையாக நடந்தது என்பதற்கு அதுவே கண்கூடான சான்றாக அமைகிறது.

மழைக்காலத்தில் தோன்றிய மர்மம்

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இந்தியாவில் மழைப் பருவம் தொடங்கியதும் படைகளின் நடமாட்டம் குறைந்துவிடும். அக்காலத்தில் தோட்டாப் பெட்டிகள் குதிரை லாயங்களில் அடுக்கி வைக்கப்பட்டதுண்டு. மழை ஓய்ந்தபின் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், பல கூடுகள் விரிசல் விட்டிருக்கும். குறிப்பாக, குண்டைப் பற்றுவதற்காகக் கழுத்து நெரிக்கப்பட்ட இடத்தில் விரிசல்கள் நெடுக ஓடியிருக்கும். அத்தோட்டாக்களைச் சுட்டவர் எவருமில்லை, தட்டியவரும் இல்லை. பருவத்தோடு ஒட்டி நேர்ந்தமையால் இந்நோய்க்குப் ‘பருவ விரிசல்’ என்ற பெயர் ஏற்பட்டது.

விரிசல் விட்ட தோட்டா வெறும் சேதப்பொருள் மட்டுமன்று. அதனுள் ஈரம் புகுந்தால் மருந்து கெடும். அவ்வாறே சுட்டுவிட்டால், அறையை அடைக்கவேண்டிய கூடே வாயுவுக்கு வழிவிடும். சுடுபவரின் கண்ணுக்கும் கைக்கும் தீங்கு நேரலாம். ஆகவே காரணத்தை அறிவது இன்றியமையாததாயிற்று. சிலர் பித்தளையில் கலந்த அசுத்தங்களைக் குறை கூறினர். சிலர் வெப்பத்தையும் ஈரத்தையும் குறை கூறினர். ஆனால் அதே ஈரத்தில் வேறிடத்தில் வைத்த கூடுகள் நன்றாக இருந்தன. அதே லாயத்தில் தொங்கிய வார்ப்புப் பித்தளைப் பொருள்களுக்கு ஊறு நேரவில்லை எனில், ஈரம் ஒன்றையே காரணமாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

புதிரை 1921-இல் விடுவித்தவர்கள் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூன்று ஆங்கிலேய ஆராய்ச்சியாளர்கள். பித்தளையின் பருவ விரிசலைப் பற்றிய அவர்களது ஆய்வுரை லண்டன் உலோகவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. இரு காரணங்கள் ஒருங்கே கூடும்போதுதான் விரிசல் நேர்கிறது என அவர்கள் தெளிவுபடுத்தினர். ஒன்று, குளிர்ந்த நிலையில் இழுத்ததால் கூட்டின் சுவரில் எஞ்சி நின்ற உள்ளிறுக்கம். மற்றொன்று, காற்றில் கலந்திருந்த அமோனியா.

அமோனியா செய்யும் வேலை

குதிரையின் சிறுநீரில் யூரியா உள்ளது. மண்ணிலும் சாணத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் யூரியாவை அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் சிதைக்கின்றன. லாயத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி இவ்வமோனியாவினுடையதே. மழைக்காலத்தில் பித்தளையின்மீது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. அமோனியா அதில் எளிதில் கரைகிறது. காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையோடு தாமிரத்தைத் தாக்கி, நீரில் கரையும் நீலநிறக் கூட்டுப்பொருளாக மாற்றுகிறது. மயில்துத்தக் கரைசலில் அமோனியாக் கரைசலை மிகையாக ஊற்றினால் தோன்றும் ஆழ்ந்த நீலநிறம் பள்ளி ஆய்வுக்கூடங்களில் நன்கறியப்பட்டது. அதே பொருளே இங்கும் உண்டாகிறது.

அமோனியா மேற்பரப்பு முழுவதையும் சீராகக் கரைத்திருந்தால் கூட்டின் கனம் சிறிதே குறைந்திருக்கும், பெருந்தீங்கு இராது. ஆனால் இறுக்கம் நிறைந்த பித்தளையில் தாக்குதல் ஓரிடத்தில் குவிகிறது. படிகமணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் மெல்லிய கீறல் தோன்றுகிறது. இழுத்துக் கட்டிய துணியில் சிறு வெட்டு விழுந்தால் அது தானே கிழிந்து நீள்வதைப்போல, உள்ளிறுக்கம் அக்கீறலைத் திறக்கிறது. திறந்த கீறலின் நுனியில் புதிய உலோகம் வெளிப்படுகிறது. அமோனியா அதை மீண்டும் அரிக்கிறது; இறுக்கம் மீண்டும் திறக்கிறது. இவ்வாறு மாறி மாறி நிகழ்ந்து, விரிசல் மணிகளின் எல்லை வழியே சுவரை ஊடுருவிச் செல்கிறது. இறுதிவரை மேற்பரப்பு பளபளப்பாகவே தோன்றுவதும் உண்டு.

இரண்டு காரணங்களும் கூடவேண்டும் என்பதே இங்கு நெஞ்சில் நிறுத்தவேண்டிய உண்மை. இறுக்கம் இருந்து அமோனியா இல்லையெனில் விரிசல் இல்லை. அமோனியா இருந்து இறுக்கம் இல்லையெனில் நிறம் மங்குமேயன்றி விரிசல் இல்லை. கலவையின் அளவும் ஒரு காரணமே. துத்தநாகம் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்குக் குறைவாக உள்ள பித்தளைகள் இந்நோயைப் பெரும்பாலும் எதிர்த்து நிற்கின்றன. முப்பது பங்கு உள்ள தோட்டாப் பித்தளையோ எளிதில் இரையாகிறது. வார்த்துச் செய்த குத்துவிளக்கைவிடத் தட்டியும் இழுத்தும் செய்த குடமும் குழாயும் அதிக அபாயத்திற்கு உட்படுவதன் காரணமும் இதனால் விளங்கும்.

காரணம் புலப்பட்டதும் பரிகாரமும் புலப்பட்டது. தோட்டாக்களை லாயத்தை விட்டு அகற்றுவது ஒரு வழி. ஆனால் படை செல்லுமிடமெல்லாம் குதிரையும் செல்லும். ஆகவே கூட்டின் உள்ளிறுக்கத்தைப் போக்குவதே நிலையான வழியாயிற்று. தாழ்ந்த வெப்பநிலையில் காய்ச்சி ஆற்றினால் வலிமை குன்றாமல் இறுக்கம் மட்டும் நீங்கிவிடுகிறது. ஒரு பித்தளைப் பொருளில் இறுக்கம் எஞ்சியுள்ளதா எனக் கண்டறிவதற்குப் பாதரச உப்புக் கரைசலில் அமிழ்த்திப் பார்க்கும் சோதனையும், அமோனியா ஆவியில் வைத்துப் பார்க்கும் சோதனையும் பிற்காலத்தில் உலகத் தர விதிகளில் இடம்பெற்றன.

கூட்டை மீண்டும் பயன்படுத்துவோர்

சுட்டபின் மீளும் கூட்டை மறுபடியும் நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிகுதி. 1870-களில் அங்கு மேற்குச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள், கடைவீதியினின்றும் நெடுந்தொலைவில் இருந்தமையால், தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொண்டனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கலிபோர்னியாவில் பிரெட் ஹன்டிங்டன் என்பவர் சுட்டு எறிந்த சிறு தோட்டாக் கூடுகளிலிருந்து குண்டுகளுக்கு உறை செய்யும் அச்சுகளை உருவாக்கினார். 1943-இல் அவர் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் இத்துறையில் இன்றும் பெயர்பெற்றது. இக்காலத்தில் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் ஈடுபடுவோர் பலர் அந்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டு இதனை வீட்டிலேயே ஒரு பொழுதுபோக்காகச் செய்கின்றனர். அவர்களது உழைப்பில் பெரும்பகுதி மருந்து நிரப்புவதில் செல்வதில்லை. கூட்டைச் செப்பம் செய்வதிலேயே செல்கிறது. அச்செப்பம் முழுவதும் மேலே கூறிய உலோகவியல் உண்மைகளின்மீதே நிற்கிறது.

கூட்டை முதலில் கண்ணால் ஆராய்கின்றனர். கழுத்தில் விரிசல் உள்ளதா, தலைக்குச் சற்று மேலே சுற்றிலும் பளிச்சென்ற கோடு உள்ளதா எனப் பார்க்கின்றனர். அக்கோடு, உட்புறத்தில் சுவர் மெலிந்து தலை கழன்றுபோகும் நிலையை அறிவிப்பது. நுனி வளைந்த கம்பியை உள்ளே விட்டுத் தடவி, பள்ளம் தட்டுப்பட்டால் அக்கூட்டை நசுக்கி எறிந்துவிடுகின்றனர். பின்னர்ப் பழைய கேப்பை அகற்றி, கூட்டைத் தூய்மை செய்து, எஃகு அச்சில் செலுத்திப் பழைய அளவுக்குக் குறுக்கி, நீண்டுவிட்ட கழுத்தை வெட்டிச் சமன்செய்கின்றனர். சுடுதலால் விரிவதும் அச்சில் குறுகுவதும் குளிர்ந்த நிலையில் நிகழும் வேலைகளே. ஆதலால் ஒவ்வொரு முறையும் கழுத்து மேலும் விறைக்கிறது. சில முறை பயன்பட்டபின் காய்ச்சி ஆற்றாவிடில் கழுத்து பிளந்துவிடும்.

இங்கு மிகுந்த எச்சரிக்கை தேவை. கழுத்து இளகவேண்டும், தலை இளகலாகாது. பித்தளை வெப்பத்தை விரைவாகக் கடத்துமாதலால், கூடுகளின் கீழ்ப்பாதி நீரில் நிற்குமாறு தட்டில் நிறுத்தி, மேற்பகுதியை மட்டும் சுடரால் காய்ச்சி, உடனே நீரில் சாய்த்துவிடுவது பழைய முறை. தலை இளகிய கூடு சுடும்போது வெடித்து உயிருக்கே இடர் விளைக்கலாம்.

தூய்மை செய்வதிலும் அமோனியா குறுக்கிடுகிறது. உலோகத்தைப் பளபளப்பாக்கும் நீர்மங்கள் சிலவற்றில் அமோனியா கலந்துள்ளது. விறைத்த பித்தளைக் கூட்டை அவற்றால் துலக்குவது, மழைக்கால லாயத்தைப் பட்டறைக்குள் அழைத்து வருவதற்கு ஒப்பாகும். ஆகவே அறிந்தவர்கள் அவற்றைத் தவிர்த்து, பொடித்த மக்காச்சோளத் தக்கை அல்லது அக்ரோட்டு ஓட்டோடு கூடுகளைச் சுழல்கலத்தில் இட்டுத் துலக்குகின்றனர். அல்லது நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் கழுவுகின்றனர். நம் நாட்டு வீடுகளில் புளியால் பித்தளைப் பாத்திரம் துலக்கும் வழக்கமும் இதே அறிவைச் சார்ந்தது. புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கிறது; விரிசலை விளைவிப்பதில்லை. ஆயினும் அமிலத்தில் நெடுநேரம் ஊறவைத்தால் துத்தநாகம் முதலில் கரைந்து, மேற்பரப்பு செம்பு நிறமாகிவிடும்.

அமோனியாவைப்போல் பாதரசமும் பித்தளைக்குப் பகையானது. முற்காலக் கேப்புகளில் பாதரசம் அடங்கிய மருந்தே பயன்பட்டது. கரிமருந்து வழக்கிலிருந்த காலத்தில் அதன் கசடோடு பாதரசமும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. புகையற்ற மருந்து வந்தபின், கசடு குறைந்ததால் பாதரசம் நேரே பித்தளையில் ஊறி, அதனைக் கண்ணாடிபோல் நொறுங்கச் செய்தது. ஒருமுறை சுட்ட கூடு மறுமுறைக்கு உதவாமற் போனதால், பாதரசமற்ற கேப்புகள் நாளடைவில் அதன் இடத்தைப் பெற்றன.

இந்திய நாட்டில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றமாகும். தோட்டாவின் பகுதிகளும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் அச்சட்டத்தில் ‘தோட்டா’ என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே அடங்கும். ஆகவே கூட்டைச் செப்பம் செய்யும் கலையை உலோகவியலின் ஓர் எடுத்துக்காட்டாக மட்டுமே கொள்ளுதல் தகும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

பருவ விரிசலை வகுப்பறையில் காட்டுவதற்குத் தோட்டாக் கூடு தேவையில்லை. கடையில் கிடைக்கும் விறைப்பான பித்தளைத் தகட்டிலிருந்து ஒரே அளவில் மூன்று பட்டைகள் வெட்டிக்கொள்ளவேண்டும். மூன்றையும் லாட வடிவில் வளைக்கவேண்டும். இரண்டு பட்டைகளின் நுனிகளை இரும்புத் திருகாணியால் நெருக்கி முடுக்கவேண்டும். மூன்றாவதை முடுக்காமல், சுடரில் நன்கு காய்ச்சி ஆறவிடவேண்டும்.

முடுக்கிய பட்டைகளில் ஒன்றையும் காய்ச்சிய பட்டையையும், அடியில் சிறிது அமோனியாக் கரைசல் ஊற்றிய அகன்ற சாடியில், கரைசலில் படாமல் தொங்கவிட்டு மூடவேண்டும். முடுக்கிய மற்றொரு பட்டையை வெறும் நீர் ஊற்றிய சாடியில் அவ்வாறே தொங்கவிடவேண்டும். தகட்டின் தன்மைக்கும் கரைசலின் வலிமைக்கும் ஏற்பச் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ, அமோனியாவில் தொங்கிய முடுக்கிய பட்டை வளைவில் விரிசல் விடும். அதே சாடியிலுள்ள காய்ச்சிய பட்டை நிறம் மங்கி நிற்கும்; நீர்ச் சாடியில் உள்ளதற்கு ஒன்றும் நேராது. இரண்டு காரணங்களும் கூடினாலன்றி விளைவு இல்லை என்பதை மாணவர் நேரில் காண்பர். அமோனியா ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்குமாதலால், சாடியை ஆசிரியரே திறக்கவேண்டும், சன்னல்கள் திறந்திருக்கவேண்டும், கண்ணாடி அணிதல் நலம்.

களப் பணியாளர் கவனத்திற்கு

குதிரை லாயங்கள் குறைந்துவிட்டன, அமோனியா குறையவில்லை. யூரியா உரம் சிந்தி ஈரம்பட்ட கிடங்கிலும், கோழிப் பண்ணையிலும், மாட்டுத் தொழுவத்திலும், கழிப்பிடத்திலும் அது உண்டாகிறது. மருந்து தெளிக்கும் கருவிகளின் பித்தளைக் குழல்கள் பெரும்பாலும் குளிர்ந்த நிலையில் இழுத்துச் செய்யப்பட்டவை. அவற்றை உர மூட்டைகளோடு ஒரே அறையில் போட்டுவைத்தலாகாது. யூரியாக் கரைசல் தெளித்தபின் நல்ல நீரால் கழுவி, உலர்த்தி, காற்றோட்டமான வேறிடத்தில் வைத்தல்வேண்டும். இத்தகைய இடங்களில் பித்தளை இணைப்புகளை அளவுக்கு மீறி முடுக்குவதும் தீது. முடுக்கும் விசையே உள்ளிறுக்கத்தின் வேலையைச் செய்துவிடும். உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பாதுகாக்கும் குளிர்பதனக் கிடங்குகளில் அமோனியாவைப் பயன்படுத்தும்போது, அதன் பாதையில் தாமிரத்தையும் பித்தளையையும் தவிர்த்து எஃகுக் குழாய்களையே அமைப்பதும் இக்காரணம் பற்றியே. பள்ளி ஆய்வுக்கூடத்திலும் தராசு, நுண்ணோக்கி முதலிய பித்தளைக் கருவிகள் உள்ள அலமாரியில் அமோனியாப் புட்டி வைத்தலாகாது.

மற்றொன்றும் சொல்லவேண்டியது அவசியம். படைப்பயிற்சி நடைபெறும் துப்பாக்கிச் சுடுகளங்களின் அருகே வாழும் மக்கள், பித்தளையின் விலை கருதிக் கூடுகளைப் பொறுக்குவதுண்டு. சுட்ட கூட்டோடு சுடப்படாத தோட்டாவும், வெடிக்காத குண்டும் கலந்து கிடக்கலாம். அவற்றைத் தட்டுவதும் அறுப்பதும் தீயில் இடுவதும் பல உயிர்களைப் பலிகொண்டுள்ளன. அத்தகைய பொருளைக் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளமிட்டு, குழந்தைகளை விலக்கி, காவல் நிலையத்திற்கு அறிவிக்குமாறு கிராம மக்களுக்கு எடுத்துரைப்பது களப் பணியாளர், ஆசிரியர் இருவரின் கடமையுமாகும்.

பித்தளை உறுதியான உலோகமே. ஆனால் அது எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதையும், எந்தக் காற்றில் வைக்கப்பட்டுள்ளது என்பதையும் சேர்த்தே அதன் உறுதியை மதிப்பிடவேண்டும். உள்ளே இறுக்கமும் வெளியே அமோனியாவும் கூடாதபடி காத்தால், பித்தளைப் பொருள் தலைமுறைகள் கடந்தும் நிலைத்து நிற்கும்.